இரண்டாம் வாகை

வாகை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவர் உள்ளத்தில் எழுவது வெற்றிமாலையே. பகைவரை வென்ற வேந்தன் வாகைப் பூவைச் சூடினான். ஆதலின் வாகையாவது போர்வெற்றி என்று மனனஞ் செய்துகொண்டு சோதனை மண்டபத்துக்குச் சென்றுவிடுகின்றனர். தொல்காப்பியனார் கருத்து அத்துணைச் சுருங்கியதன்று. புறத்திணையியலிலே வாகைக்கு இலக்கணம் வகுக்கும் அவர், வாளெடுத்த மறவரை மட்டும் அங்கே நிறுத்தினாரல்லர். ஓதும் அந்தணர், காக்கும் அரசர், வாணிகமும் வேளாண்மையும் செய்வோர், முக்காலமும் உணரும் அறிவர், நோன்பியற்றும் தாபதர் என்றிவரெல்லாம் மறவரோடு ஒரு நிரலிலே நிற்கின்றனர். ஒவ்வொருவரும் தமக்குரிய தொழிலைக் குற்றமின்றிச் செய்து அதன்கண் மேம்பட்டு விளங்குதலே வாகை என்பது அவர் துணிபு. உழுதவனும் வாகை சூடலாம். ஓதுவித்தவனும் வாகை சூடலாம்.

அவர் திணைகளை வைத்த முறையும் சிந்திக்கற்பாலது. வலிமையை நிலைநாட்டல் ஒன்றே பொருளாக இருபாலாரும் எதிர்நின்று பொருவது தும்பை. அதனை அடுத்து வாகை. வாகையை அடுத்து நிலையாமை உணர்த்தும் காஞ்சி. களத்திலே வென்றவன் காஞ்சியை எய்துமுன் கடக்கவேண்டிய நெடுவழி ஒன்றுண்டு. அவ்வழியில் அவன் செய்தது யாது? களத்தில் வீழ்ந்தவனுக்கு நம் முன்னோர் கல் நட்டனர்; அவன் பெயரை அதிற் பொறித்தனர்; அவன்மேற் பாடினர். வீழாது மீண்டு, பின்னும் ஐம்பது அறுபது ஆண்டு உயிர்வாழ்ந்தவனுடைய கதையை நம் இலக்கியங்கள் அருகியே பேசுகின்றன.

அக்கதையை ஆராய்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் சண்டை விமானிகள் தக்க சான்றாவர். படைத்தொழில் பலவற்றுள்ளும் இளமையிலே தொடங்கி இளமையிலே முடிவது அவர் தொழில். இருபது வயதிலே ஒருவன் புகழின் உச்சியில் நிற்கின்றான். போர் ஓய்ந்ததும் அத்தொழில் அவனுக்கு இல்லாமற் போகின்றது. நாட்டாரோ அந்தச் சில ஆண்டுகளை வைத்தே அவனை இறுதிவரை மதிக்கின்றனர். அவன் எத்தனை விமானம் வீழ்த்தினான் என்று கேட்கின்றார்களேயன்றி, வீழ்த்திய பின் அவன் என்னவானான் என்று கேட்பார் சிலரே.

தனித்து நின்ற மறவர்

குண்டுவீச்சு விமானத்திலே பலர் சேர்ந்து செல்வர். அவர் வீசும் குண்டு யார்மேல் விழுந்தது என்பதை அவர் காணார். சண்டை விமானத்தின் இயல்பு வேறு. சென்ற நூற்றாண்டின் இரு பெரும் போர்களிலும் அது பெரும்பாலும் ஓரிருக்கை விமானமாகவே இருந்தது. தேரையும் அவனே செலுத்தவேண்டும். வில்லையும் அவனே வளைக்கவேண்டும். துப்பாக்கிகள் விமானத்தோடு பிணிக்கப்பட்டு முன்னோக்கி நிற்பன. ஆகவே குறிபார்ப்பதாயின் விமானம் முழுவதையும் பகைவனை நோக்கித் திருப்பவேண்டும். பிரித்தானியரின் ‘ஹரிக்கேன்’ விமானத்திலிருந்த 8 இயந்திரத் துப்பாக்கிகளும் ஓயாது சுட்டால் 15 விநாடியளவில் குண்டுகள் தீர்ந்துவிடும். அந்தச் சில விநாடி வீண்போகாதிருக்கப் பகைவனை நெருங்கவேண்டும். மிக நெருங்கியபோது அவன் முகமும் தெரியும். இயந்திரங்கள் மலிந்த போரிலே, பழைய தும்பை மறவரைப் போல எதிரியின் முகத்தைக் காணும்படி பொருதவர் இவரே. அந்த முகங்கள் பின்னாளிலும் சிலரை விட்டு நீங்கவில்லை.

இத்தொழிலில் இரண்டாம் வாழ்வு என்பதே பலருக்கு வாய்க்கவில்லை. முதலாம் உலகப் போரிலே பிரித்தானிய விமானப் படையிற் சேர்ந்து சண்டை விமானமோட்டிய இந்தியர் ஒரு சிலர். அவருள் ஒருவர் கல்கத்தாவிற் பிறந்த இந்திர லால் ராய். 1918 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் 13 நாள்களுள் 10 வெற்றிகளை ஈட்டினார். அம்மாதம் 22 ஆந் திகதி தாமும் வீழ்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 19. அவரோடு ஒருகாலத்தவர் இராவல்பிண்டியில் 1894 இல் பிறந்த ஹர்தித் சிங் மாலிக். ஒக்ஸ்போர்டிலே கற்ற இவர், சீக்கியருக்குரிய தலைப்பாகையை நீக்க இசையாது, அதன்மேல் அணியத்தக்க பெருங்கவசம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டு பறந்தவர். 1917 ஒக்டோபரிலே காலிற் சூடுபட்டு விழுந்தபோது அவருடைய விமானத்தில் நானூற்றுக்கு மேற்பட்ட துளைகள் காணப்பட்டன. அவர் பிழைத்தார். இந்திய சிவில் சேவையிற் புகுந்தார். பட்டியாலா சமஸ்தானத்தின் முதலமைச்சரானார். இந்தியா விடுதலை பெற்றபின் கனடாவில் உயர்ஸ்தானிகராகவும் பிரான்சிலே தூதராகவும் விளங்கினார். 1985 இல், தம் தொண்ணூறாம் அகவையில் அவர் மறைந்தபோதும் அந்தப் பழைய குண்டின் எச்சம் அவர் காலிலே கிடந்தது. இளமையில் மாய்ந்த ராயையும், முதுமைவரை வாழ்ந்து நாட்டிற்கு உழைத்த மாலிக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும்பொழுதுதான், போர் ஒரு நாட்டிலிருந்து எவற்றைப் பறித்துக்கொள்கின்றது என்பது புலனாகும். பறிபோனவை அந்த இளைஞரின் வாழ்நாள் மாத்திரமல்ல; அவர் செய்திருக்கக்கூடிய தொண்டு முழுவதுமாம்.

எழுத்தாணி பிடித்தோர்

மீண்டவருள் எழுத்துத் துறையை நாடியோர் பலர். இலக்கிய அன்பர்க்கு முதலிற் கூறத்தக்கவர் ஆங்கிலேயராகிய செசில் லூயிஸ். 1898 இல் பிறந்த இவர், பள்ளிப் பருவம் நீங்குமுன் 1915 இலே விமானப் படையிற் சேர்ந்தார். 1916 யூலை முதலாந் திகதி சொம் போர்முனையிலே யேர்மானியரின் அரண்களுக்கு அடியிற் புதைத்த வெடிமருந்து வெடித்து, நிலமே தூணாக வானத்தை நோக்கி எழுந்த காட்சியை விமானத்திலிருந்து கண்டவர். அடுத்த ஆண்டு 56 ஆம் அணியிலே சண்டை விமானியாகி 8 வெற்றி பெற்றார். அவ்வணியின் பெருவீரன் அல்பேர்ட் போல், 1917 மே 7 ஆந் திகதி மாலை மேகத்துட் புகுந்து மீளாமற் போனபோது, அதே அணிவகுப்பிலே பறந்தவர் லூயிஸ். போலுக்கு அப்பொழுது வயது 20. அவர் கணக்கிலே 44 வெற்றிகள்.

போர் முடிந்ததும் லூயிஸ் பீக்கிங் சென்று சீனருக்கு விமானம் ஓட்டக் கற்பித்தார். பின் இங்கிலாந்து மீண்டு, 1922 இல் பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனத்தைத் தொடக்கிய சிலருள் ஒருவரானார். பேர்னாட் ஷோவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தைத் திரைப்படமாக்க எழுதிய நால்வருள் ஒருவராய் ஒஸ்கார் பரிசிலும் பங்குபெற்றார். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1936 இல் வெளிவந்த ‘சஜிட்டேரியஸ் றைசிங்’ என்னும் போர்க்கால நினைவு நூலே. தனுராசியின் உதயம் என்று அப்பெயரைத் தமிழ்ப்படுத்தலாம். போர் ஓய்ந்து 18 ஆண்டு கழிந்தபின் அது வெளிவந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். இருபது வயதிலே கண்டதை எழுதுதற்கு அவருக்கு முப்பத்தெட்டு வயது வேண்டியிருந்தது. அதனாலேதான் அந்நூலிலே பறத்தலின் இன்பமும் கொல்லுதலின் கொடுமையும் ஒன்றையொன்று மறைக்காது நிற்கின்றன. 1997 இல், 98 வயதினராய் அவர் இறந்தார். போரிலே கழிந்த ஆண்டுகள் அந்நீண்ட வாழ்விலே இருபதில் ஒரு கூறு கூட ஆகமாட்டா.

சிறுவர் இலக்கியத்திலே பெரும்பெயர் ஈட்டிய ரோல்ட் டால் சண்டை விமானியாக இருந்தவர் என்பதை அவர் கதைகளைப் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் அறியார். நோர்வேப் பெற்றோருக்கு 1916 இல் வேல்சிலே பிறந்தவர் இவர். கிழக்காபிரிக்காவிலே எண்ணெய்க் கம்பனி ஒன்றில் வேலைபார்த்துக்கொண்டிருந்தபோது போர் மூண்டது. நைரோபியிற் படையிற் சேர்ந்தார். ஆறரை அடி உயரமுள்ள அவ்விளைஞர் சிறிய விமான இருக்கையிலே முழந்தாள் நாடியைத் தொட ஒடுங்கியிருந்து பறந்தார். 1940 செப்டெம்பரிலே, தம் அணியின் இறங்குதளம் இருக்குமிடம் பிழையாகச் சொல்லப்பட்டதனால், வட ஆபிரிக்கப் பாலைவனத்திலே எரிபொருள் குறைந்து, இருட்டும் வேளையில் தரையில் மோதினார். மண்டையோடு வெடித்தது, பல நாள் கண் தெரியவில்லை. தேறி எழுந்து, 1941 ஏப்பிரலிலே கிரேக்க நாட்டில் மிகச் சில ஹரிக்கேன்களோடு யேர்மானியரின் பெருந்திரளை எதிர்த்த அணியிலே மீண்டும் சேர்ந்தார். அதென்ஸ் நகரின்மேல் நடந்த சமரிலே அந்த அணியிற் பலர் மாண்டனர், அவர் பிழைத்தார். பழைய தலைக்காயத்தினால் உண்டான கடுந்தலைவலி அவரைப் பறக்கவொட்டாது செய்துவிட்டது.

1942 இலே வாஷிங்டனுக்குத் தூதரகப் பணியாக அனுப்பப்பட்ட டாலை, நாவலாசிரியர் சி. எஸ். பொரெஸ்டர் சந்தித்தார். போர் அனுபவத்தைச் சொன்னால் தாம் கட்டுரையாக்குவதாக அவர் கூறினார். உணவு உண்டுகொண்டே கதை சொல்வது இயலாதிருக்கவே, இரவு எழுதி அனுப்புவதாக டால் ஏற்றார். அவர் எழுதியது குறிப்பாக அமையவில்லை. முழுக் கதையாகவே அமைந்திருந்தது. பொரெஸ்டர் ஓரெழுத்தும் மாற்றாது பத்திரிகைக்கு அனுப்பினார். ஓர் எழுத்தாளர் அவ்வாறு பிறந்தார். 1964 இல் ‘சார்லியும் சொக்கலேற் தொழிற்சாலையும்’, 1988 இல் ‘மட்டில்டா’ என்று அவர் நூல்கள் தொடர்ந்தன. அக்கதைகளிலே வலியோரின் கொடுமைக்குச் சிறுபிள்ளை அஞ்சாது நிற்பதும், கொடியோர் எதிர்பாராத விதமாக வீழ்வதும் அடிக்கடி வருவன.

அவருடைய வாழ்விலே மற்றொரு செயலும் நினைக்கத்தக்கது. 1960 இலே அவருடைய கைக்குழந்தையை மோட்டார் வண்டி மோதியதனால் மூளையிலே நீர் தேங்கியது. அதனை வடிக்கப் பொருத்திய குழாயின் வால்வு அடிக்கடி அடைத்துக்கொண்டது. டால், பொறிவினைஞர் ஒருவரையும் நரம்புச் சத்திரவைத்தியர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு அடையாத வால்வு ஒன்றை ஆக்குவித்தார். அது முற்றுப்பெறுமுன் அவர் மகன் தேறிவிட்டான். ஆயினும் பிறர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோருக்கு அது பயன்பட்டது. 1962 இலே ஏழு வயது மகளைச் சின்னமுத்து நோய்க்கு இழந்தவரும் அவரே. பிற்காலத்திலே அந்நோய்க்குத் தடுப்பூசி போடும்படி பெற்றோரை வேண்டி அவர் எழுதிய மடல் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. தலை உடைந்த விமானி, பிள்ளைகளின் தலை நோய்க்கு மருந்து தேடியதை வாகை என்னாது வேறென்னென்பது?

மூன்றாமவர் அமெரிக்கராகிய ஜேம்ஸ் சால்ட்டர். கொரியப் போரிலே ‘சேபர்’ என்னும் தாரை விமானத்தில் நூறு முறைக்கு மேற் பறந்தவர். பகைவிமானம் ஐந்தை வீழ்த்தியவனுக்கு அவ்விமானிகளிடையே தனிப்பட்டமும் பெருமதிப்பும் உண்டு. சால்ட்டர் வீழ்த்தியது ஒன்றே. 1956 இலே அவர் வெளியிட்ட முதல் நாவலாகிய ‘த ஹண்டர்ஸ்’ அந்த ஐந்தென்னும் எண்ணின்மேல் மனிதர் கொள்ளும் வேட்கையைப் பொருளாகக் கொண்டது. கதைத்தலைவன் கிளீவ், எல்லோரும் அஞ்சும் பகைவன் ஒருவனை இறுதியிலே வீழ்த்துகின்றான்; ஆனால் அதற்குரிய படச்சான்று இல்லை; உடன்பறந்த இளைஞனும் மீளும்போது இறந்துபோகின்றான். இறங்கியதும் கிளீவ், அவ்வெற்றி இறந்தவனுக்கே உரியது என்று கூறிவிடுகின்றான். வேட்கை முழுவதும் அந்த ஒரு கொடையிலே தணிகின்றது. நூல் வெளிவந்த மறு ஆண்டே சால்ட்டர் 12 ஆண்டுப் படைப்பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார். மனைவி மக்களை உடைய ஒருவர், நிலையான பதவியை நீத்து எழுத்தை நம்பி இறங்குதற்குப் பறத்தலினும் மிக்க துணிவு வேண்டும். 2015 இல் தம் தொண்ணூறாம் வயதில் மறையும்வரை அவர் சொற்செட்டு மிக்க உரைநடையாசிரியர் என்று போற்றப்பட்டார்.

ஆசிரியப் பீடமும் ஆட்சிப் பீடமும்

கொரியப் போரிலே கப்பலிலிருந்து எழுந்து 78 முறை பறந்த மற்றோர் இளைஞனை உலகம் முழுவதும் அறியும். 1951 செப்டெம்பரிலே தாழப் பறந்தபோது கம்பியொன்றில் மோதிச் சிறகின் ஒரு துண்டை இழந்து, தன் படையினர் நின்ற நிலப்பரப்புவரை விமானத்தைச் செலுத்திவந்து, பின் குடை விரித்துக் குதித்தவன் அவன். பதினெட்டு ஆண்டின் பின் சந்திரனிலே முதலில் அடிவைத்த நீல் ஆம்ஸ்ட்ரோங்கே அவ்விளைஞன். சந்திரனை மிதித்து மீண்டவருக்கு எப்பதவியும் கிடைத்திருக்கும். 1971 இலே அவர் விண்வெளி நிறுவனத்தை விட்டுச் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்திலே விமானப் பொறியியல் கற்பிக்கச் சென்றார். 1979 வரை வகுப்பறையிலே நின்றார். ஆசிரியத் தொழிலை ஏனைய தொழில் வாய்க்காதவனுடைய புகலிடமாக எண்ணுவோர் நம் நாட்டிலும் உளர். அவர் இச்செய்தியை ஊன்றிப் படிப்பாராக.

வீரம் ஒருவனை நல்லாசிரியனாக்கலாம். அதுதானே அவனை நல்லாட்சியாளனாக்கிவிடாது. இதற்கு இருவரை ஒப்புநோக்கல் தகும். தென் ரொடீசியாவைச் சேர்ந்த இயன் ஸ்மித், 1943 இலே எகிப்தில் ஹரிக்கேன் விபத்தில் முகம் சிதைந்து, சத்திரசிகிச்சையின் பின் மீண்டும் பறந்தவர். 1944 இலே இத்தாலியில் அவருடைய ‘ஸ்பிற்பயர்’ சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்நாட்டுக் குடியானவரும் மறைந்துநின்று போராடியோரும் அவரைப் பல மாதம் காத்தனர். பின் மலைகடந்து நேச நாட்டுப் படையை அடைந்தார். இத்துணை மறமுடையவர் 1964 இலே பிரதமரானார். மறு ஆண்டு நவம்பர் 11 ஆந் திகதி, நாட்டு மக்களில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கினரான வெள்ளையரின் ஆதிக்கத்தைக் காப்பதற்காகத் தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தார். பல்லாயிரவர் மாண்ட உள்நாட்டுப் போரின்பின் 1980 இலே சிம்பாப்வே பிறந்தது. அந்நிய நாட்டு ஏழைக் குடியானவர் தமக்குக் கொடுத்த புகலிடத்தை, அவர் தம் நாட்டுப் பெரும்பான்மையோருக்குக் கொடுக்க மறுத்தார்.

மற்றவர் இஸ்ரவேலரான எசர் வைஸ்மன். இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானிய விமானியாகப் பயின்று, 1948 இலே தம் நாட்டுக்காகச் சண்டை விமானம் ஓட்டி, 1958 முதல் 1966 வரை அந்நாட்டு விமானப் படைத் தலைவராயிருந்தவர். விட்டுக்கொடாக் கொள்கையினர் என்றே பெயர்பெற்றவர். அவர் மகன் எகிப்திய எல்லையிலே தலையிற் சூடுபட்டு நிலைகுலைந்தான். 1977 இலே பாதுகாப்பு அமைச்சரான வைஸ்மன், அதே எகிப்தோடு அமைதி காணுதற்கு முன்னின்று உழைத்தார். 1978 இல் காம்ப் டேவிட் உடன்பாடு கைகூடியதிலே அவருக்குப் பெரும் பங்குண்டு. 1993 முதல் நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்தவர், பணக்கொடை பெற்றமை பற்றிய குற்றச்சாட்டின் நடுவே 2000 இலே பதவி நீங்கினார். ஆகவே அவரை மாசற்றவர் என்று கூறுவார் இலர். ஆயினும் மகனை வீழ்த்திய பகைவரின் கையைப் பற்றிய அந்த ஒரு செயல், வானத்தில் அவர் செய்த அனைத்தினும் அரியது.

கொழும்பின் மேற் பறந்தவர்

இனி, நம் நாட்டின் வானத்தோடு தொடர்புடைய ஒருவரைக் காண்போம்.

1942 ஏப்பிரல் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவிலே யப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை கொழும்பின்மேல் வந்தன. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த அவை, துறைமுகத்தையும் இரத்மலானை விமானத் தளத்தையும் தாக்கின. அங்கொடையிலிருந்த மனநோய் மருத்துவமனையின் மீதும் குண்டுகள் விழுந்தன. முதல்நாள் கனேடிய விமானி ஒருவர் கடலிற் கப்பற்படையைக் கண்டு அறிவித்திருந்தும், தாக்குதல் வந்த வேளையிலே இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன் விமானிகள் எச்சரிக்கையின்றி அகப்பட்டனர். குண்டுமழையின் நடுவே எழுந்து பொருதனர். குதிரைப் பந்தயத் திடலை இறங்குதளமாகக் கொண்ட மற்றோர் அணியும் எழுந்தது. அன்றே தென்கடலில் ‘டோர்செற்சயர்’, ‘கோர்ன்வோல்’ என்னும் பெருங்கப்பல்கள் இரண்டு மூழ்கடிக்கப்பட்டன. நான்கு நாளின் பின் திருகோணமலை தாக்குண்டது. மட்டக்களப்புக் கடலிலே ‘ஹேர்மிஸ்’ மூழ்கியது. அதன் சிதைவு இன்றும் அக்கடலடியிற் கிடக்கின்றது.

அன்று கொழும்பின்மேற் பொருத ‘சீரோ’ விமானிகளுள் ஒருவர் கனமே ஹரடா. 1916 இலே யப்பானின் நகானோ மாகாணத்திற் பிறந்து, 1933 இலே கடற்படையிற் சேர்ந்து, சீனப் போரிலே பழகியவர். ‘சோர்யூ’ என்னும் கப்பலிலிருந்து எழுந்த அவர், கொழும்பு வானிலே பிரித்தானிய விமானங்கள் பலவற்றோடு சமர் செய்தார். இரண்டு மாதத்தின் பின் மிட்வே கடற்போரிலே அவருடைய கப்பல் எரிந்து மூழ்கிற்று. மற்றொரு கப்பலிலே இறங்கி மீண்டும் எழுந்தார், அதுவும் தாக்குண்டது, இறங்குதற்கு இடமின்றிக் கடலில் இறக்கி, மணிக்கணக்காக நீரில் மிதந்து பிழைத்தார். அவ்வாண்டு ஒக்டோபரிலே குவாடல்கனாலிற் சூடுபட்டுக் காட்டிலே வீழ்ந்தார். அதன்பின் போர் முடியும்வரை இளைஞருக்குப் பயிற்சியளிக்கும் பணியே அவருக்கு எஞ்சியது.

போர் முடிந்தது, தோற்ற நாட்டின் விமானிக்கு மாலையிடுவார் இல்லை. ஹரடா தம் ஊரிலே நிலத்தை உழுதார், மாடு வளர்த்தார். பகலிலே உழைப்பு இருந்தது; இரவிலே உறக்கம் இல்லை. தாம் நெருங்கிச் சென்று சுட்டவருடைய முகங்கள் கனவிலே தோன்றின. அஞ்சி நோக்கிய அம்முகங்களைப் பின்னாளிலும் அவர் மறக்கவில்லை. அவருக்கும் அம்மனிதருக்கும் பகை ஒன்றும் இருந்ததில்லை. அவர்களுக்கும் வீட்டிலே பெற்றோரும் பிள்ளைகளும் இருந்தனர். இந்த உண்மையை வெற்றிக் கணக்கேடு எழுதுவோர் அறியார். முகத்தைக் கண்டவனே அறிவான்.

ஆண்டுகள் பல கழிந்தபின் அவர் நகானோவிலே பாலர் பாடசாலை ஒன்றை நிறுவினார். சீரோ விமானத்தின் விசையை அழுத்திய கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பிள்ளைகள் நடந்தனர். கொழும்பையும் மிட்வேயையும் கண்ட கண் அப்பிள்ளைகள் வரையும் படத்தைக் கண்டு மகிழ்ந்தது. பிள்ளைகளோடு வாழத் தொடங்கிய பின்னரே அக்கனவுகள் அவரை விட்டு அகலத் தொடங்கின. அந்தப் பணியிலே அவர் பல பதிற்றாண்டு நிலைத்து நின்றார்.

நெடுங்காலம் அவர் போரைப்பற்றி வாய்திறந்தாரல்லர். 1991 இலே வளைகுடாப் போர் மூண்டது. குண்டு விழும் காட்சியைத் தொலைக்காட்சியிலே கண்ட இளைஞர், அஃது ஒரு விளையாட்டைப் போல் இருக்கின்றது என்று பேசிக்கொண்டது அவர் செவியிற் பட்டது. அன்றிலிருந்து அவர் பேசலானார். முதுமையிலும் சிறு மண்டபங்களிலே நின்று, போர் என்பது யாது என்று தம் வாயாற் கூறினார். தாம் கொன்றதை மறைத்தாரல்லர். அதனைப் பெருமையாகப் பேசினாருமல்லர். 2016 மே மாதம், தம் 99 ஆம் வயதிலே அவர் காலமானார்.

கொழும்பில் அன்று வீழ்ந்தோருக்கு ஹரடாவின் பாலர் பாடசாலை ஈடாகுமா என்று கேட்பார் உளர். ஈடாகாது. இறந்தவர் மீளார். ஈடு செய்துவிட்டதாக அவரும் கருதினாரல்லர். ஆனால் ஈடு செய்ய இயலாத கடனுடையவன் செய்யத்தக்கது யாது என்ற வினாவுக்கு, அவர் வாழ்ந்த வாழ்வு ஒரு விடையாக நிற்கின்றது. கடனை ஒப்புக்கொள், எஞ்சிய நாளைப் பிறர் மக்களுக்குக் கொடு, கேட்பவர் உண்டெனில் உண்மையைச் சொல். இதனினும் மேற்பட்ட விடையை நீதிநூல்களிலும் யாம் கண்டிலம்.

ஓட்டுவோன் இல்லாத ஊர்தி

புறநானூற்றிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறும் பாட்டு ஒன்றுண்டு. செய்யத்தக்க நல்வினைகளைச் செய்து முடித்துப் புலவர் பாடும் புகழ் பெற்றவர், செலுத்துவோன் இன்றித் தானே இயங்கும் வான ஊர்தியை எய்துவர் என்பது அதன் கருத்து. இன்று செலுத்துவோன் இல்லாத ஊர்திகள் வானத்திலே மெய்யாகவே பறக்கின்றன. அவற்றை இயக்குவோன் நெடுந்தொலைவிலே ஓர் அறையில் இருந்து, திரையைப் பார்த்துக்கொண்டு கொல்கின்றான். மாலையானதும் வீடு திரும்புகின்றான். நல்வினையின் பயன் என்று நம் புலவர் கண்ட ஊர்தியை, நாம் கொலைக் கருவியாக்கிக்கொண்டோம்.

தனியிருக்கையில் அமர்ந்து எதிரியை நெருங்கிப் பொருத விமானியின் காலம் கழிந்துகொண்டிருக்கின்றது. அது கழிவதற்கு இரங்கவேண்டுவதில்லை. ஆனால் முகத்தைக் கண்டதனாலே கலங்கி, கலக்கத்தினாலே எழுதவும் கற்பிக்கவும் உழைக்கவும் துணிந்தவர் சிலரை அக்காலம் நமக்குத் தந்தது. திரையிற் புள்ளியாக மனிதரைக் காண்போனுக்கு அக்கலக்கம் எங்ஙனம் வரும்? அவனுடைய இரண்டாம் வாழ்வு எத்தகையதாகும்? போர்த் தொழிலை ஆராய்வோர் இவ்வினாவைப் புறக்கணித்தலாகாது.

நம் ஆசிரிய அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வகுப்பிலே வாகைத்திணை கற்பிக்கும்போது, வேந்தன் சூடிய மாலையோடு நின்றுவிடாதீர்கள். ஏனையோர் பகுதிகளையும் படித்துக் காட்டுங்கள். அதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், ஒரு காலைப்பொழுதிலே கொழும்பின்மேற் சுட்டுத் திரிந்து, பின்னர்ப் பல்லாண்டு பாலருக்குப் பள்ளி நடத்திய ஒருவரின் கதையைச் சொல்லுங்கள். அவருடைய முதற் கணக்கைப் படைத்துறையார் எழுதி வைத்திருக்கின்றனர். இரண்டாம் வாகைக்கு எண் இல்லை. அவரிடம் அரிச்சுவடி கற்று வளர்ந்த பிள்ளைகளே அதற்குச் சான்று.